ஆள் எடுப்பதும் ஆள் ஆக்குவதும்

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டு முடித்து நிதானமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் சென்னையின் எஃப்.சி. அணியைப் பற்றி இரண்டு கட்சி இருக்கிறது. "நல்ல ஆளா எடுக்கல, அதான் தோக்கறோம்" என்பது ஒரு கட்சி. "ஆளெல்லாம் சரியாத்தான் இருக்கு சார், கோச்சுதான் சரியில்ல" என்பது இன்னொரு கட்சி. அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஒருவர், "எங்க ஊர்ல டிராஃப்ட் எப்படி நடக்குது தெரியுமா?" என்று மூன்றாவது கட்சி தொடங்கிவிட்டார். நான் விளையாட்டு ஆசிரியர் இல்லை. கடைசி பீரியடில் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போன இடைநிலை ஆசிரியர்தான். ஆனாலும் வரலாற்றை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், யார் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று தெரிந்துவிடும்.

முதலில் இந்த டிராஃப்ட் என்பது என்ன?

சின்ன வயதில் நாம் 'உத்தி பிரித்த'து நினைவிருக்கிறதா? தலைவர்கள் இருவர் ஒரு பக்கம் நிற்பார்கள். மற்றவர்கள், ஏறக்குறைய ஒரே பலம் உள்ளவர்களாக, இரண்டிரண்டு பேராகத் தோளில் கை போட்டுக்கொண்டு தள்ளிப்போய் ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?" என்று கேட்பார்கள். தலைவர் ஒரு பெயரைச் சொல்ல, அந்தப் பெயர்க்காரன் அந்தப் பக்கம் போவான். யாருக்கும் வருத்தம் இல்லை, இரண்டு பக்கமும் சம பலம். மிச்சம் விழுந்த ஒற்றை ஆள் 'உப்புக்குச் சப்பாணி'. அவன் இரண்டு பக்கமும் ஆடுவான்.

அமெரிக்க டிராஃப்டின் நோக்கமும் இதே சமன்பாடுதான். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது கையில் தூக்கிக்கொண்டு ஓடும் முட்டை வடிவப் பந்து. அந்த லீக்கில் பணக்கார அணிகளே நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டு போயின. பிலடெல்பியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் ஒரு யோசனை சொன்னார்: போன ஆண்டு கடைசியில் வந்த அணி முதலில் ஆள் எடுக்கட்டும். 1936-இல் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் ஆளை எடுக்கும் உரிமை அவருடைய அணிக்கே கிடைத்தது. அவர்கள் எடுத்தது சிகாகோ பல்கலைக்கழக மாணவர் ஜே பெர்வாங்கர் என்பவரை. அவரோ தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை! பட்டியலில் முதல் பெயர் என்பதால் மட்டும் ஒருவர் வீரராகிவிடுவதில்லை என்பதை அந்த முதல் டிராஃப்டே சொல்லிவிட்டது.

இந்த முறை 2014-இல் நம் நாட்டுக்கு வந்தது. ஐ.எஸ்.எல். தொடங்கிய ஆண்டு அது. ஜூலையில் மும்பையில் இந்திய வீரர்களுக்கான டிராஃப்ட் நடந்தது. வீரருக்கு ஒரு விலை குறித்திருக்கும், எந்த அணி பெயரைக் கூப்பிடுகிறதோ அந்த அணிக்குப் போக வேண்டியதுதான். 2015-இல் பத்து முன்னணி வீரர்களை ஏலத்திலும் விட்டார்கள். சுனில் சேத்ரியை மும்பை 1.2 கோடிக்கு எடுத்தது. சென்னை, மணிப்பூரின் தோய் சிங்கை 86 லட்சத்துக்கும் கோல்கீப்பர் கரண்ஜித் சிங்கை 60 லட்சத்துக்கும் எடுத்தது. 2017 ஜூலையில் மறுபடி பெரிய டிராஃப்ட். 200-க்கும் மேற்பட்டவர்கள் பட்டியலில் இருந்தார்கள். புதிய அணியான ஜாம்ஷெட்பூர் முதலில் கூப்பிட்ட பெயர் கேரளத்தின் அனஸ் எடதொடிகா. அதன் பிறகு டிராஃப்ட் இல்லை. அணிகள் நேரடியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன.

இனி நம் அணிக்கு வருவோம். முதல் பயிற்சியாளர் இத்தாலியின் மார்கோ மாத்தராசி. 2006 உலகக் கோப்பை இறுதியில் சிதான் தலையால் முட்டினாரே, அந்த முட்டு வாங்கியவர் இவர்தான். 2014-இல் ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார். பிரேசிலின் எலானோ 8 கோல் அடித்து லீகிலேயே முதலாவதாக வந்தார். அணியும் லீக் பட்டியலில் முதலிடம். ஆனால் அரையிறுதியில் கேரளத்திடம் மொத்தக் கணக்கில் 3-4 என்று தோற்றது.

2015-ஐ நம்மில் யாரும் மறக்க முடியாது. டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியது. விழுப்புரத்திலிருந்து போன ரயில்கள் நின்றன. உங்களில் பலர் தாம்பரத்திலும் முடிச்சூரிலும் மாடியில் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த நிலையில் சென்னையின் சொந்த மண் அரையிறுதியைப் புனேயில் வைத்தார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். 90 நிமிடம் நெருங்கும்போது 1-2 என்று பின்தங்கியிருந்தோம். கோவா கோல்கீப்பரின் கையில் பட்டே ஒரு பந்து உள்ளே போனது. அடுத்த இரண்டு நிமிடத்தில் கொலம்பியாவின் மெண்டோசா அடித்தார். 3-2, கோப்பை நமக்கு. அந்தப் பருவத்தில் மெண்டோசா அடித்தது 13 கோல்.

2016-இல் எலானோ இல்லை, மெண்டோசாவும் இல்லை. அதே மாத்தராசிதான் பயிற்சியாளர். 8 அணிகளில் 7-ஆம் இடம். இதைக் காட்டி, "பாத்தீங்களா, ஆள்தான் முக்கியம்" என்கிறது முதல் கட்சி. நியாயம்தான்.

2017-18-இல் இங்கிலாந்தின் ஜான் கிரெகரி வந்தார். மிசோரமின் ஜெஜே, டேராடூன் பையன் அனிருத் தாபா, வடசென்னை தனபால் கணேஷ் என்று நல்ல இந்திய வரிசை அமைந்தது. கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் சென்னை மைதானத்தில் 3-0. ஜெஜே இரண்டு, கணேஷ் ஒன்று. நம் ஊர்ப் பையன் அரையிறுதியில் தலையால் முட்டிப் போட்ட அந்தக் கோலுக்கு அரங்கமே எழுந்து நின்றது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று தோற்கடித்து இரண்டாவது கோப்பை.

அடுத்த ஆண்டு? அதே கிரெகரி, வீரர்களிலும் பெரும்பாலோர் அதே ஆட்கள்தான். கணேஷுக்கு முழங்காலில் காயம், ஜெஜே கோலுக்குத் திண்டாடினார். 18 ஆட்டங்களில் 9 புள்ளி. சாம்பியன் அணி கடைசி இடத்துக்கு வந்தது.

2019-20-இல் நடந்தது இன்னும் விசித்திரம். முதல் 6 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. கிரெகரி விலகினார். டிசம்பரில் ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் கோயல் வந்தார். இருந்த ஆட்களை வைத்துக்கொண்டே அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ் 15 கோல். கொரோனா தொடங்கிய மார்ச் மாதம், கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் கொல்கத்தா அணியிடம் 1-3 என்று தோற்றோம். "பாத்தீங்களா, கோச்சுதான் முக்கியம்" என்கிறது இரண்டாவது கட்சி. அதுவும் நியாயம்தான்.

அதற்குப் பிறகு வந்த மூன்று ஆண்டுகளைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 2020-21-இல் சாபா லாஸ்லோ, 8-ஆம் இடம். 2021-22-இல் பொசிடார் பந்தோவிச். பாதியில் அவர் போக, மிச்ச ஆட்டங்களை நம் சென்னைக்காரர் சையது சபீர் பாஷா பார்த்துக்கொண்டார். 8-ஆம் இடம். 2022-23-இல் தாமஸ் பிரதாரிச், 8-ஆம் இடம். பருவத்துக்கு ஒரு பயிற்சியாளர், ஆளுக்கு ஒரு பாடத்திட்டம், எல்லோருக்கும் அதே மதிப்பெண். 2023-இல் கோயல் திரும்பி வந்து 6-ஆம் இடத்துக்கு ஏற்றினார். 2024-25-இல் 13 அணிகளில் 11-ஆம் இடம். அவரும் போனார். 2025-இல் முதன்முறையாக ஓர் இந்தியரை, கோவாவின் கிளிஃபோர்ட் மிராண்டாவை, முழுநேரத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தார்கள். 2023-இல் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கிக்கொடுத்தவர் அவர்.

ஒரு வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஜூனில் ஒரு வாத்தியார், தீபாவளிக்குப் பிறகு இன்னொருவர், அரைப்பரீட்சை முடிந்து மூன்றாமவர். ஒவ்வொருவரும் நல்ல வாத்தியார்தான். ஆனால் பிள்ளைகளுக்கு எந்தப் பாடமும் முழுதாகப் போய்ச் சேராது. ஆகவே ஆள் எடுப்பதும் பயிற்சியாளரை மாற்றுவதும் ஓராண்டுக்கு மருந்து, அவ்வளவுதான். 2015-இலும் 2018-இலும் மருந்து வேலை செய்தது. உடம்பு தேறவில்லை. ஏன் தேறவில்லை என்றால், ஆளை ஆக்குகிற வேலை அதற்கு முன்பே, வேறொரு இடத்தில் நடக்க வேண்டியது.

பழைய வரலாறு இதைத் தெளிவாகச் சொல்கிறது.

இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்பது 1951-இலிருந்து 1962 வரை. இரண்டு ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அந்த அணிகளின் பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். அவர் என்ன வேலை பார்த்தவர் தெரியுமா? பள்ளிக்கூட ஆசிரியர்! எல்லோரும் 'ரஹீம் சாப்' என்பார்கள். 1962 ஜகார்த்தாவில், தலையில் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங் என்ற தடுப்பாட்டக்காரரை முன்வரிசைக்கு மாற்றினார். அரையிறுதியிலும் கோல், இறுதியிலும் கோல். தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்தோம். அப்போதே ரஹீமுக்குப் புற்றுநோய். அடுத்த ஆண்டு ஜூனில் காலமானார். அவர் கையில் டிராஃப்டும் இல்லை, ஏலமும் இல்லை. யாரை எங்கே நிறுத்தினால் அவன் முளைப்பான் என்ற கண் இருந்தது.

அந்த இறுதி ஆட்டத்தில் கோல் கம்பத்தடியில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். ஊட்டி பக்கத்து வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் சேர்ந்தபோது அவர் முன்வரிசை ஆட்டக்காரர். அங்கேதான் கோல்கீப்பராக மாறினார். 1955-இலும் 1958-இலும் அந்தப் படைப்பிரிவு டுராண்ட் கோப்பையை வென்றது. அவருக்கு அர்ஜுனா விருதும் கிடைத்தது. அவரை அதே இடத்தில் ஓடவிட்டிருந்தால் நூறு பேரில் ஒருவராகப் போயிருப்பார்.

இன்னொருவர் சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக அவர் அடித்த கோல்தான், ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல். அதன் பிறகு இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் ஆடவே இல்லை. அவர் பிறகு பயிற்சியாளர் ஆனார். 1973-இல் எர்ணாகுளத்தில் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் டிராபி வென்றதே, அந்த அணியின் பயிற்சியாளர் இந்தத் தமிழர்தான். இறுதியில் ரயில்வேயை 3-2 என்று தோற்கடித்தார்கள். மூன்று கோலும் அடித்தவர் கேப்டன் மணி. இன்று கேரளத்தின் கால்பந்துப் பைத்தியத்தைப் பார்த்து நாம் பொறாமைப்படுகிறோம். அங்கே ஊருக்கு ஊர் செவன்ஸ் ஆட்டம், ஊருக்கு ஊர் சொல்லிக்கொடுக்கும் அண்ணன்கள் இருந்தார்கள். கோப்பைக்கு வழிகாட்டியவர் நம்மிடமிருந்து போனார்.

இன்றைக்கும் கதை அதுதான். வடசென்னை வியாசர்பாடியில், வசதியில்லாத பிள்ளைகளுக்குச் சிலர் பல ஆண்டுகளாகச் சாயங்காலம் தோறும் கால்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். அந்தப் பகுதி தந்த இன்னொரு பையன் நந்தகுமார் சேகர். 2017 டிராஃப்டில் அவரை டெல்லி அணி கூப்பிட்டுக்கொண்டது. பிறகு ஒடிசா, பிறகு ஈஸ்ட் பெங்கால். 2023 ஆகஸ்டில் டுராண்ட் கோப்பை கொல்கத்தா டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல் அடித்து ஈஸ்ட் பெங்காலை ஜெயிக்க வைத்தவர் அவர்தான். குமரி மாவட்டக் கடற்கரையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜும் அவர் சகோதரர் ரெஜினும், 2020 இறுதியில் சென்னையைத் தோற்கடித்த கொல்கத்தா அணியில் இருந்தார்கள். நம் மண்ணில் விளைந்ததை ஊரார் அறுவடை செய்கிறார்கள் என்று வருத்தப்படலாம். எனக்கு வருத்தத்தைவிட ஒரு தெளிவுதான் வருகிறது. விளைந்திருக்கிறதே! விதைத்தவன் யாரோ ஒருவன் இருந்திருக்கிறானே!

சென்னை சிட்டி என்று ஓர் அணி இருந்தது. கோவையில் ஆடியது. 2017-18 ஐ-லீக்கில் 10 அணிகளில் 8-ஆம் இடம். அடுத்த ஆண்டு சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியில், எட்வின் வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ போன்ற தமிழ்நாட்டுப் பையன்களோடு சேர்ந்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திச் சாம்பியன் ஆனது. உருகுவேயின் பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார் என்பதும் உண்மை. வெளியூர் ஆளும் வேண்டும், உள்ளூர் ஆளும் வேண்டும், இருவரையும் சேர்த்துக் கட்டும் வாத்தியாரும் வேண்டும். ஆனால் அந்த அணி இன்று தேசியப் போட்டிகளில் இல்லை. வேர் விடுவதற்குள் மரம் பட்டுப்போய்விட்டது.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் உண்டு. 1993 வரை நாமும் கடலூரும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன், பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். அதே கடலூரிலிருந்து வந்தவர் இந்துமதி கதிரேசன். இந்தியாவுக்கு ஆடினார், காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2018 பிப்ரவரியில் கட்டக்கில் நடந்த தேசியப் பெண்கள் கால்பந்து இறுதியில், அசைக்கவே முடியாது என்று எல்லோரும் நினைத்த மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்துத் தமிழ்நாடு முதன்முறை பட்டம் வென்றது. அந்த இரண்டு கோலில் ஒன்று இந்துமதியுடையது. 2023-இல் மீண்டும் தமிழ்நாடு பட்டம் வென்றது. எந்த ஏலத்தில் அந்தப் பெண்களை எடுத்தார்கள்? எவனும் எடுக்கவில்லை. ஆக்கினார்கள்.

இப்போது நம் காரியத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பொங்கலுக்கு விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் கால்பந்துப் போட்டி வைக்க நம் பழைய மாணவர்கள் பணம் திரட்டுகிறீர்கள். நல்ல மனசு. பனியன், சுழற்கோப்பை, மேடை, மைக் செட், சாமியானா, வெளியூரிலிருந்து காசு கொடுத்துக் கூட்டிவரும் நாலு நல்ல ஆட்டக்காரர்கள் என்று பட்டியல் போட்டிருப்பதைப் பார்த்தேன். இரண்டு நாள் அமர்க்களமாக இருக்கும். மூன்றாம் நாள் மைதானத்தில் ஆடு மேயும்.

அந்தப் பணத்தில் கோப்பையைச் சின்னதாக வாங்குங்கள். சாமியானா வேண்டாம், மரத்தடி போதும். காசுக்கு ஆள் கூட்டி வரவே வேண்டாம். மிச்சப் பணத்தை இரண்டு ஊரிலும் ஆளுக்கொரு பயிற்சியாளருக்குச் சம்பளமாகக் கொடுங்கள். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் 'டி' உரிமம் என்ற அடிப்படைப் பயிற்சி முடித்த இளைஞர்கள் கிடைப்பார்கள். வாரம் நான்கு சாயங்காலம், பத்து வயதிலிருந்து பதினான்கு வயது வரை, ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும். இரண்டு ஆண்டுக்கு ஒரே ஆள். முதல் ஆண்டு தோற்றால் அவரை மாற்றக் கூடாது, இதை எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். பந்து தேயும், வாங்கித் தரவேண்டும். பிள்ளைகளுக்கு ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு முட்டையோ சுண்டலோ வேண்டும். காலில் அடிபட்டால் பார்க்க ஒரு மருத்துவர், அது நம் குழுவிலேயே இருக்கிறார்.

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. மரக்காணம் பக்கம் நம் சொந்தத்தில் ஒரு பெண் குழந்தை, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பையன்களோடு ஓடினால் பையன்கள் பின்தங்குகிறார்கள். விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பலாமா என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். "பொட்டப் புள்ளைய எப்படி வெளியூர் அனுப்புறது, வெயில்ல கறுத்துப் போயிடுவா, அப்புறம் யார் கட்டிப்பா" என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. பெற்றவர்களின் பயத்தை நான் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. விடுதியைப் போய்ப் பாருங்கள், வார்டனிடம் பேசுங்கள், சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பாருங்கள், கேட்கவேண்டியதை எல்லாம் கேளுங்கள். ஆனால் தேர்வுக்கே அனுப்பாமல் நிறுத்திவிடாதீர்கள். கடலூர்ப் பெண்ணுக்கு ஒரு கதவு திறந்தது என்றால், யாரோ ஒரு தாய் அவளை மைதானத்துக்கு அனுப்பியதால்தான் திறந்தது.

சென்னையின் அணி அடுத்த பருவத்தில் யாரை எடுக்கும், யாரை விடும் என்பது நம் கையில் இல்லை. பேசலாம், ஆதங்கப்படலாம், ரசிகன் என்றால் அதுதானே வேலை! நம் இரண்டு ஊர் மைதானங்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு விசில் சத்தம் கேட்குமா கேட்காதா என்பது மட்டும் முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது.

பணம் திரட்டும் தம்பிகள் இருவரும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே தாராளமாக எழுதுங்கள். என் பென்ஷனிலிருந்து முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு நான் தருகிறேன். பெயர் எதுவும் போட வேண்டாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்